முற்றுகை வரைபடத்தை வாசிப்பது எப்படி? சென்னை, புதுச்சேரிக் கோட்டைகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி முற்றுகைப் படம் ஒன்றை முதன்முதலாகத் திறப்பவரின் கண் கோட்டையிலேயே நின்றுவிடும். கூர்முனைக் கொத்தளங்கள், அகழி, கட்டம் கட்டமாகத் தெருக்கள் என வரைந்தவரும் அதைத்தான் ஆசையாக வரைந்திருப்பார். கோட்டையைச் சற்று விட்டுவிட்டு வெளியே பாருங்கள். வயலுக்கும் தோப்புக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று நெளிந்து நெளிந்து மதிலை நோக்கி வரும். மண்வெட்டியால் வெட்டிய குழி அது. முற்றுகையின் கதை முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

அந்தக் குழி ஒரே நாளில் வெட்டப்பட்டதில்லை. இரவில் வெட்டி, பகலில் பதுங்கி, மழையில் இடிந்ததைத் திரும்பக் கட்டி, வாரக்கணக்கில் முன்னேறியது. வரைபடமோ முதல் இரவில் வெட்டிய குழியையும் கடைசி நாளில் மதிலில் விழுந்த உடைப்பையும் ஒரே தாளில், ஒரே மையில் காட்டுகிறது. இரண்டு மாதம் ஒரு பக்கத்துக்குள் மடங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மடிப்பைப் பிரித்து, எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துவதுதான் முற்றுகை வரைபடத்தை வாசிக்கும் வேலை. அதற்கு மூன்று தெரிய வேண்டும்: கோட்டை ஏன் அந்த வடிவில் இருக்கிறது, குழி ஏன் அப்படி நெளிகிறது, தாளில் உள்ள தூரம் தரையில் எவ்வளவு.

கொத்தளமும் அலங்கமும்

பீரங்கி வருவதற்கு முன் கோட்டைச் சுவர் உயரமாக இருந்தால் போதும். வட்டமான கோபுரம் ஏணி வைப்பவனைத் தடுக்கும். பீரங்கி வந்ததும் உயரமே பலவீனமாயிற்று. உயரமான மெல்லிய சுவர் எளிதில் சரியும். வட்டக் கோபுரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் அடிவாரத்தில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சுட முடியாத ஒரு மூலை மிஞ்சும். பகைவன் அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் நிம்மதியாகச் சுவரைக் குடையலாம்.

அதனால்தான் ஐரோப்பியப் பொறியாளர்கள் கோபுரத்தை ஐங்கோணக் கொத்தளமாக மாற்றினார்கள். வரைபடத்தில் அம்புமுனைபோல வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதுதான். வெளிப்பக்கம் பார்க்கும் இரண்டு நீண்ட கோடுகள் அதன் முகங்கள். மதிலோடு சேரும் இரண்டு குட்டைக் கோடுகள் அதன் விலாக்கள். பழகாதவர்கள் முகத்தைத்தான் முக்கியம் என்று நினைப்பார்கள். பொறியாளர் முதலில் பார்ப்பது விலாவை. பக்கத்துக் கொத்தளத்தின் முகத்தை நோக்கி வருபவனைக் குறுக்காகச் சுடுகிற பீரங்கிகள் விலாவில்தான் இருக்கும். கையில் ஒரு அடிக்கோல் இருந்தால் ஒரு கொத்தளத்தின் விலாவிலிருந்து அடுத்த கொத்தளத்தின் முனைவரை கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு எங்கும் மறைபடாமல் போனால் கோட்டை நன்றாக அமைந்திருக்கிறது. எங்காவது தடைபட்டால் அதுதான் அந்தக் கோட்டையின் நோய்.

மதிலுக்கு வெளியே போகப்போகக் கோடுகள் இந்த வரிசையில் வரும்: அகழி, அகழியின் வெளிக்கரையில் வீரர்கள் மறைந்து நடமாடும் மறைவழி, அதற்கப்பால் வெளியே மெல்லச் சரிந்து இறங்கும் மண்மேடு. சரிவான அந்த மேட்டைப் படத்தில் பலர் வெற்றிடம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தூரத்திலிருந்து வரும் குண்டு மதிலின் அடியைத் தொடாதபடி மறைப்பது அந்த மேடு. மதிலை அடியோடு உடைக்க வேண்டுமானால் பீரங்கியை அதன் உச்சிக்கே கொண்டுவர வேண்டும். முற்றுகை நீண்டுபோவதற்கு இது பெரிய காரணம்.

தமிழில் இவற்றுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று இன்றும் தெருக்கள் உண்டு. அலங்கம் என்றால் கோட்டை மதில். முகவரியில் தினமும் எழுதுகிற சொல்லை வரைபடத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போவதுதான் வருத்தம்.

எல்லாக் கோட்டையும் இந்த வார்ப்பில் இருக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை. கல்லோ செங்கல்லோ பீரங்கிக் குண்டுக்குப் பிளக்கும்; மண்சுவர் குண்டை வாங்கிப் புதைத்துக்கொள்ளும். 1801 மார்ச் 31-இல் அதன்மீது நடந்த தாக்குதல் தோற்றது. மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. படத்தில் கொத்தளம் சிறியதாகவும் சுவர் ஒற்றைக் கோடாகவும் இருப்பதை வைத்து ஒரு கோட்டையை எளியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குழி ஏன் நெளிகிறது

கோட்டையை நோக்கி நேராகக் குழி வெட்டினால், மதில்மேல் இருக்கும் ஒரே பீரங்கி அந்தக் குழியின் நீளம் முழுக்கக் குண்டை உருட்டிவிடும். அதனால் குழி வலமும் இடமுமாக மாறி மாறி நெளியும். ஒவ்வொரு நெளிவின் திசையும் கோட்டையின் எந்த முனைக்கும் நேராக இல்லாமல், சற்று வெளியே தள்ளியே இருக்கும். முனையை நெருங்க நெருங்க நெளிவுகள் குட்டையாகும், கோணம் கூர்மையாகும். படத்தில் இதைப் பார்த்தே குழி எந்தப் பக்கச் சூட்டுக்கு அதிகம் பயந்தது என்று சொல்லிவிடலாம்.

நெளிகுழிகளுக்குக் குறுக்கே, மதிலுக்கு இணையாக, நீளமான குழிகள் ஓடும். இது பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673-இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் கையாண்ட முறை. பாடப்புத்தக அளவுப்படி முதல் இணைக்குழி மதிலிலிருந்து சுமார் 600 மீட்டரில், இரண்டாவது அதில் ஏறத்தாழப் பாதித் தூரத்தில், மூன்றாவது மண்மேட்டின் அடிவாரத்தில். இணைக்குழி என்பது ஆள் சேர்த்து வைக்கும் இடம். கோட்டைக்குள்ளிருந்து திடீரென்று வெளியேறித் தாக்குபவர்களை எதிர்கொள்ள அங்கேதான் படை காத்திருக்கும். முன்னால் குழி தோண்டுகிறவர்கள் மண் நிரப்பிய கூடைகளையும் சுள்ளிக்கட்டுகளையும் அடுக்கி மறைப்புச் செய்தபடி நகர்வார்கள். படத்தில் இணைக்குழிமேல் பல்பல்லாக வெட்டுப்பட்ட சிறு கட்டம் தெரிந்தால் அது பீரங்கி மேடை. பற்களை எண்ணினால் பீரங்கிகளின் எண்ணிக்கை கிடைக்கும். சில படங்களில் பக்கத்திலேயே எண் எழுதியிருப்பார்கள். 24 என்றால் 24 பீரங்கி என்று பொருள் கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது குண்டின் எடை, 24 ராத்தல், அதாவது ஏறக்குறைய 11 கிலோ.

இப்போது பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1748-க்குப் போவோம். ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதல் குழியைக் கோட்டையிலிருந்து 1,500 கஜத்தில், அதாவது 1,370 மீட்டருக்கு அப்பால் வெட்டத் தொடங்கினார்கள். அன்றைய வழக்கம் 800 கஜத்துக்குள் தொடங்குவது. அதிகப்படியான அந்த 700 கஜம் முழுவதையும் ஆட்கள் தோண்டியே கடக்க வேண்டியிருந்தது. குழி நகர்ந்து நகர்ந்து 800 கஜத்துக்கு வந்தபோது எதிரே சதுப்பு நிலம்; பிரெஞ்சுக்காரர்கள் அதில் தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலே போக வழியில்லை. பெருமழைக் காலம் நெருங்கியது, நோய் பரவியது, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டார்கள். ஆங்கிலேயர் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் மடிந்திருந்தார்கள். இத்தனையையும் படத்தில் ஒரு அடிக்கோலை வைத்து ஊகிக்கலாம்: வடமேற்கே நீண்டுபோகும் குழி, அது முட்டி நிற்கும் இடத்தில் புல்புல்லாகக் கீறிய சதுப்பு. தூரத்தை அளந்து பார்க்காதவர் கண்ணுக்கு அது அழகான ஒரு நெளிகோடு மட்டுமே.

அதே முற்றுகையின் தொடக்கத்தில் அரியாங்குப்பம் கோட்டையிடம் பட்ட அடியும் நினைவில் இருக்கட்டும். சரியாக உளவு பார்க்காமல் அது பலவீனமானது என்று நம்பித் தாக்கி, பெரிய இழப்போடு திரும்பினார்கள். மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பிடிபட்டதும் அங்கேதான். போருக்குப் பின் வரைந்த படத்தில் அரியாங்குப்பம் கோட்டை தெளிவாக இருக்கும். போன அன்று அவர்கள் கையில் அந்தப் படம் இல்லை. முற்றுகைப் படங்களில் பல, நடந்து முடிந்ததை மேலதிகாரிக்கு விளக்குவதற்காகப் பின்னால் வரைந்தவை. வரைந்தவர் தன் தரப்பின் முடிவுகளுக்கு நியாயம் சேர்த்திருக்க வாய்ப்புண்டு.

1758 டிசம்பர் 14-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த சென்னையின் கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்து வடக்குப் பக்கமாக, கடற்கரையை ஒட்டி, புனித ஜார்ஜ் கோட்டையின் வடகிழக்கு மூலையை நோக்கிக் குழி வெட்டினார்கள். மதிலில் உடைப்பும் விழுந்தது. ஏறிவிடலாம் என்றார் லாலி. அவருடைய பொறியாளர்களும் பீரங்கி அதிகாரிகளும் ஒப்பவில்லை. உடைப்பு வரை போய்ச் சேரும் வழி பக்கத்துக் கொத்தளச் சூட்டுக்குள் கிடக்கிறது என்றார்கள். மேலே சொன்ன விலாக் கோட்டைப் போட்டுப் பாருங்கள், யார் சொன்னது சரி என்று தெரியும். 1759 பிப்ரவரி 16-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டார். அதற்குள் கோட்டையிலிருந்து மட்டும் 26,000-க்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் போயிருந்தன. படத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

கஜமா, துவாஸா

தூரத்தை அளக்கச் சொன்னேன். அளப்பதற்கு முன் அலகைப் பார்க்க வேண்டும். அறிமுக வாசகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பிரெஞ்சுப் படங்களில் அளவுகோலில் துவாஸ் என்றிருக்கும். ஒரு துவாஸ் 6 பாரிஸ் அடி, 1.949 மீட்டர். பாரிஸ் அடியே ஆங்கில அடியைவிடப் பெரியது: 32.48 செ.மீ., ஆங்கில அடி 30.48 செ.மீ. ஆங்கிலேயர் படத்தில் கஜம் (0.9144 மீட்டர்) அல்லது அடி. நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற டச்சுக் கோட்டைகளின் படங்களில் ரைன்லாந்து ரோடு என்ற அலகு. அது சுமார் 3.77 மீட்டர், 12 ரைன்லாந்து அடி.

ஒரு கணக்கு போடுவோம். அச்செடுத்த படத்தில் 200 துவாஸ் என்ற அளவுகோல் 64 மி.மீ. நீளம் இருக்கிறது. 200 துவாஸ் 389.8 மீட்டர். அப்படியானால் தாளில் 1 மி.மீ. தரையில் 6.09 மீட்டர். முதல் குழியிலிருந்து மறைவழியின் முனைவரை 90 மி.மீ. என்றால் 548 மீட்டர். இதே அளவுகோலைக் கஜம் என்று தவறாக எடுத்தால் 257 மீட்டர் வரும். முதல் குழியை இரண்டாம் குழியின் இடத்தில் வைத்துவிடுவீர்கள். முற்றுகையின் பொருளே மாறிப்போகும்.

படத்தின் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்கு இத்தனை கஜம் என்று எழுதியிருந்தாலும் அதை நம்பி அளக்காதீர்கள். திரையில் பார்ப்பது பெரிதாக்கிய அல்லது சிறிதாக்கிய உருவம். பழைய தாளும் ஈரத்தாலும் மடிப்பாலும் சுருங்கியிருக்கும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவில் சுருங்காது. தாளில் வரைந்திருக்கும் அளவுகோல் தாளோடு சேர்ந்தே சுருங்குகிறது, அதனால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மதிலின் குறுக்குவெட்டுப் படம் மூலையில் தனியாக இருந்தால் அதற்குத் தனி அளவுகோல் இருக்கும். இரண்டையும் குழப்பினால் 20 அடி மதில் 200 அடியாகிவிடும்.

திசையும் தேதியும் நிறமும்

சோழமண்டலக் கரையின் படங்கள் பலவற்றில் மேற்கு மேலே, கடல் கீழே இருக்கும். கப்பலிலிருந்து கரையைப் பார்ப்பவர்களின் பார்வை அது. வடக்கு மேலே இருக்கும் என்ற பழக்கத்தில் பார்த்தால் வலப்பக்கம் இருப்பது கிழக்கு என்று தோன்றும்; உண்மையில் அது வடக்கு. முதலில் திசைகாட்டிப் பூவைத் தேடுங்கள். இல்லையென்றால் கடலைத் தேடுங்கள், சென்னையிலும் புதுச்சேரியிலும் அது கிழக்கு. திசைக்குறி பெரும்பாலும் காந்த வடக்கு. இன்றைய வரைபடத்தோடு ஒட்டும்போது சில பாகை திரும்பி நிற்கும்.

தேதி இன்னும் வில்லங்கமானது. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எப்போதோ கிரிகோரியனுக்கு மாறியிருந்தார்கள். வித்தியாசம் 11 நாள். 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லாபூர்தொனேயிடம் சென்னை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் ஆவணத்தில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். தெரியாதவர் இடையில் 11 நாள் ஏதோ நடந்தது என்று தேடிக்கொண்டிருப்பார். ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு மார்ச் 25-இல் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் ஆண்டே ஒன்று குறைவாக இருக்கலாம்.

அச்சிட்ட ஆண்டு அளந்த ஆண்டாகாது. பிரெஞ்சு வரைபடக்காரர் பெல்லின் 1764-இல் வெளியிட்ட சிறு கடல்வரைபடத் தொகுப்பில் புதுச்சேரியும் உண்டு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டிடம் சரணடைந்த அந்த நகரத்தின் கோட்டையையும் மதில்களையும் அதற்கு முன்பே ஆங்கிலேயர் தகர்த்துவிட்டார்கள். 1764 என்ற எண்ணைப் பார்த்து அந்த ஆண்டில் கோட்டை நின்றது என்று எழுதினால் தவறு. லண்டனிலும் பாரிசிலும் செதுக்குபவர்கள் பழைய தகட்டையே திருத்தி மறுபடி அச்சடிப்பது வழக்கம். ஒரு படத்தின் பிழை பத்துப் படங்களில் திரும்ப வந்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான்.

நிறத்தைப் பொறுத்தவரை பிரெஞ்சுப் பொறியாளர்களின் கையெழுத்துப் படங்களில் ஒரு மரபு உண்டு: நிற்கும் கட்டடம் சிவப்பு, கட்டத் திட்டமிட்டது மஞ்சள், தண்ணீர் நீலம். மஞ்சள் கொத்தளத்தைப் பார்த்து அது இருந்ததாக எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அச்சுப் படங்களின் நிறத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. கடையில் கையால் பூசியவை, படிக்குப் படி மாறும்.

ஊர்ப் பெயர்களும் தரைக்குறிகளும்

இந்தப் பகுதியில் தமிழ் வாசகருக்கு வேறு யாருக்கும் இல்லாத வசதி உண்டு. படத்தில் டோப் என்றிருப்பது நம் தோப்பு. பெட்டா என்பது பேட்டை, கோட்டைக்கு வெளியே உள்ள ஊர். சோல்ட்ரி அல்லது பிரெஞ்சில் சோத்ரி என்பது சாவடி. பகோடா கோயில், அதே சொல் வராகன் நாணயத்துக்கும் வழங்கியதால் கணக்குப் பட்டியலில் குழம்ப வேண்டாம். பிரெஞ்சுப் படத்தில் அல்தே என்றால் கிராமம், எத்தான் என்றால் ஏரி. வால்டோர் வழுதாவூர். உல்காரே உழவர்கரை. வாண்டிவாஷ் வந்தவாசி. செரிங்கம் ஸ்ரீரங்கம். வாரியோர் என்று திருச்சிப் படங்களில் வருவது உறையூர். ஊர்ப் பெயர் பிடிபடவில்லையென்றால் எழுத்தை விட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். காது பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

ஏரிக்குத் தனிக் கவனம் கொடுங்கள். ஐரோப்பியப் பொறியாளர் அதை நீலமாகப் பூசித் தண்ணீர்த் தடை என்று காட்டியிருப்பார். வற்றிய காலத்தில் ஏரி ஒரு ஆயத்தமான கோட்டை. ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு பட்டாளமே மறையலாம். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படையின் இடப்பக்கம் அப்படி ஒரு ஏரிக்கரையை அரணாக்கிக்கொண்டு நின்றது. அங்கே வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்ததும்தான் அந்தப் பக்கம் குலைந்தது. நீலப் பூச்சை மட்டும் பார்ப்பவருக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் தண்ணீருக்குள் நின்றதுபோலத் தோன்றும்.

போர்க்களப் படத்தில் படைகள் நீள்சதுரக் கட்டங்களாக வரும். குதிரைப்படைக்குக் கட்டத்தைக் குறுக்காகப் பாதி நிரப்பியிருப்பார்கள். புள்ளிக்கோட்டுக் கட்டம் முந்தைய நிலை, அழுத்தக் கோடு பிந்தைய நிலை. ஒரே படைப்பிரிவு மூன்று இடத்தில் வந்தால் மூன்று பிரிவு என்று எண்ணிவிடாமல், பக்கக் குறிப்பில் உள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து ஒன்றாக இருந்தால் பிரிவும் ஒன்றே. பருவம் எந்தப் படத்திலும் இராது, நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண மதிலில் உடைப்பு ஏற்படுத்தியதும் மே 4-ஆம் தேதியே ஆங்கிலேயர் காவிரியைக் கடந்து ஏறினார்கள். பருவமழையில் ஆறு பெருகிவிட்டால் அந்த உடைப்பால் பயனில்லை. படத்தில் ஆற்றின் அகலம் எப்போதும் ஒரே அகலம்.

இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தல்

பழைய படத்தை இன்றைய ஊரோடு பொருத்தக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பாரிசின் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்திலும் டேவிட் ரம்சி தொகுப்பிலும் இலவசமாகப் பெரிய கோப்புகள் கிடைக்கும். கிடைப்பதில் மிகப் பெரியதை எடுங்கள், சிறிய படத்தில் குழியின் எழுத்துக்குறி படிக்க முடியாது. சென்னை, புதுச்சேரி, திருச்சி, மதுரைக்கு யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) 44 வடக்கு மண்டலத்தைத் தேர்ந்தால் தூரம் நேராக மீட்டரில் வரும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு 43.

இரண்டு காலத்திலும் அசையாமல் நிற்கிற புள்ளிகள் எட்டு முதல் பன்னிரண்டு வரை வேண்டும். அவை படம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஒரே மூலையில் குவிந்தால் எதிர் மூலை எங்கோ பறந்துபோகும். திருச்சியில் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்க மதில்களும் சிறந்தவை. சென்னைக் கோட்டைக்குள் 1680-இல் திறந்த புனித மேரி தேவாலயம் நல்ல புள்ளி. கோட்டையின் வெளிக்கோடு அப்படியில்லை: 1758-இல் இருந்த கோட்டை வேறு, இன்று நாம் பார்க்கும் வடிவம் அதன் பின் விரிவாக்கி 1783 வாக்கில் முடிந்தது. கடற்கரையை ஒருபோதும் புள்ளியாக எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் அலை கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே அடித்தது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கிய பின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. பழைய கரையை இன்றைய கரையோடு ஒட்டினால் கோட்டை முழுவதும் கிழக்கே நழுவிவிடும்.

பொருத்தும் முறைகளில் முதலில் ஹெல்மெர்ட்டைப் போடுங்கள். அது படத்தைத் திருப்பும், பெரிதாக்கும், வளைக்காது. இரண்டு புள்ளியே போதும் என்றாலும் எல்லாப் புள்ளிகளையும் கொடுங்கள், எது எவ்வளவு விலகுகிறது என்று அட்டவணையில் தெரியும். ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு விலகினால் தவறான இடத்தில் குத்தியிருக்கிறீர்கள், அல்லது அந்தக் கட்டடம் இடம் மாறிக் கட்டப்பட்டது. தாள் சுருக்கத்துக்கு முதல்படிப் பல்லுறுப்பு முறை, குறைந்தது மூன்று புள்ளி. எல்லாப் புள்ளியையும் இழுத்து ஒட்டவைக்கிற மெல்லிய தகடு முறையைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். அதில் பிழை சுழியம் என்று காட்டும். பிழை போய்விடவில்லை, புள்ளிகளுக்கு இடையில் ஒளிந்துகொண்டது.

கோட்டை சரியாகப் பொருந்தி, வெளியே உள்ள கிராமங்கள் மட்டும் 200, 300 மீட்டர் தள்ளி நின்றால் பதற வேண்டாம். மதிலைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். தூரத்து ஊர்களைத் திசைகாட்டியும் கண்ணும் வைத்துக் குறித்தார்கள். சில சமயம் அங்கே பகைவன் இருந்தான், போய் அளக்கவே முடியாது. கோட்டையை ஒரு பொருத்தமாகவும் சுற்றுப்புறத்தை இன்னொரு பொருத்தமாகவும் இருமுறை செய்வதே நேர்மையான வழி.

பொருத்தி முடித்ததும் தெருக்கள் பேசத் தொடங்கும். புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றி வரும் புல்வார் சாலை அந்த மதிலின் தடம். நடுவில் பாரதி பூங்கா இருக்கும் பகுதியில்தான் ஐங்கோணக் கோட்டையான லூயிக் கோட்டை நின்றது. மதுரையில் வெளி வீதிகள் பெயரிலேயே கோட்டைக்கு வெளியே. 19-ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான இடத்தில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அமைந்தன. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் நிலம் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடம். மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றின் மறைவில் குழி தோண்டுவான் என்ற கணக்கில்தான் அவற்றைப் படிப்படியாக இடித்து வெட்டவெளியாக்கினார்கள். இனி இந்த எல்லைக்குள் யாரும் கட்டக் கூடாது என்று தூண் நட்டார்கள். அவற்றில் ஒன்று, 1773 என்ற ஆண்டோடு, பாரி முனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்னும் நிற்கிறது. அந்தத் தூணிலிருந்து அன்றைய கோட்டை மதில் வரைக்கும் உள்ள தூரத்தைப் பொருத்திய படத்தில் அளந்து, மேலே சொன்ன முற்றுகைத் தூரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படத்தில் இல்லாதவர்கள்

பக்கக் குறிப்பில் தளபதிகளின் பெயர் இருக்கும், படைப்பிரிவின் பெயர் இருக்கும். மண்ணை வெட்டிச் சுமந்த கூலியாட்களின் பெயர் இராது. குண்டு விழுந்த தெருக்களில் குடியிருந்தவர்கள் கட்டம் கட்டமான நிழலாக மட்டுமே இருப்பார்கள். அந்த நிழலுக்குள் நுழைய நமக்கு ஒரு வழி உண்டு. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு அது. 1748 முற்றுகையின்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். எந்த நாளில் எங்கே குண்டு விழுந்தது, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதைப் படத்தோடு வைத்துப் படிக்கலாம்.

அதில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ்த் தேதியும் இருப்பதால் நாட்காட்டிச் சிக்கலையும் சரிபார்த்துக்கொள்ளலாம். சென்னை சரணடைந்த 1746 செப்டம்பர் 21 அட்சய வருஷம் புரட்டாசி மாதம். ஆங்கிலேயர் எழுதிய செப்டம்பர் 10-ஐ இன்றைய நாட்காட்டித் தேதி என்று எடுத்துக் கணக்கிட்டால் ஆவணி வரும். மாதம் இடித்தால் நீங்கள் பழைய நாட்காட்டித் தேதியைப் பிடித்திருக்கிறீர்கள். 11 நாளைக் கூட்டிவிட்டு, குழியில் அந்த நாளுக்குரிய நெளிவைத் தேடுங்கள்.